நடு வீட்டுக்கு வந்த கிரீடம்

அன்பு மகன் துவார்த்தேக்கு,

ஃபால் ரிவரிலிருந்து உன் அம்மா எழுதுவது. என் வலது முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம், அதுவும் மழைக்கு முந்தின நாள்தான் தன் குணத்தைக் காட்டுகிறது. சியாட்டிலில் நீயும் கரோலும் என் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று பரிசுத்த ஆவியிடம் கேட்டுக்கொண்டுதான் தினமும் படுக்கப் போகிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுந்து பேசுவாய், அப்பாவைப் போலவே. கடிதாசியில் அது முடியாது, முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும். கரோலுக்கும் வாசித்துக் காட்டு. அவளுக்கு நம் கிரீடத் திருவிழா எல்லாம் தெரியாது, அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

பேத்தியின் போட்டோ வந்தது, மூக்கு என் மூக்கு, பாவம். தோட்டத்தில் கீரை இப்போதே முழங்கால் உயரம் நிற்கிறது, தின்ன ஆளில்லை. மேல் வீட்டு மிஸ்டர் குவிக்லிக்கு ஒரு பிடி கொடுத்தால், அந்த ஐரிஷ்காரர் அதைப் பூச்செண்டு மாதிரி தண்ணீரில் போட்டு மேசையில் வைக்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் குவிக்லிக்கும் நடுவில், நடு மாடியில் குடியிருக்கிற நடு வீட்டு நொர்பெர்த்தோவை உனக்கு நன்றாகத் தெரியும், அப்பாவின் சவப்பெட்டியை மாடிப்படி முனையில் இடிக்காமல் இறக்கியவன். அவன் இருபது வருஷத்துக்கு மேலாகச் சாயம் போட்ட அந்தத் திரைச்சீலை மில்லைக் கிறிஸ்துமஸ் கழிந்ததும் பூட்டிவிட்டார்கள். சங்குகூட ஊதவில்லையாம், கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்ததாம், அவ்வளவுதான். அவன் மனைவி சிதாலியா பள்ளிக்கூடச் சமையலறையில் பாதி நாள் வேலை பார்க்கிறாள், இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். அவன் வயசில் புதிதாக யார் வேலை கொடுக்கிறார்கள் சொல்லு. ஆனால் பனி கொட்டின அன்றைக்கெல்லாம் நான் எழுந்து பார்ப்பதற்குள் நடைபாதை துடைத்து வைத்த மாதிரி இருக்கும். வேலை போன மனுஷன் மற்றவர்கள் பனியை வாரிக்கொண்டிருந்தான்.

வாடகையும் மாசம் பிறந்த அன்றைக்கே வந்தது. மில் பூட்டின பிறகும் அப்படியே வந்தது, ஒரு காசு குறையாமல், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தாங்க டோனா" என்று நீட்டுவான். மூத்த பெண்களை நம் பாஷையில் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவது, கரோலுக்குச் சொல்லு. நானும், பரவாயில்லை, கையில் ஏதோ சேர்த்து வைத்திருக்கிறான் போலிருக்கிறது என்று வாங்கி மேசை டிராயரில் போட்டுவிட்டேன். உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "இப்ப தர்றான், நாளைக்குத் தரமாட்டான். இப்பவே நோட்டீஸ் குடுத்துடும்மா, வெளியில வாடகை இரண்டு மடங்கு போகுது, நீ என்ன தர்ம சத்திரமா நடத்துறே" என்றாய். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் நீ சொன்னதில் தப்பும் இல்லை. இந்த வீட்டுக்கு வரி கட்டணும், இன்சூரன்ஸ் கட்டணும், குளிர்காலத்துக்கு எண்ணெய் நிரப்பணும், உன் அப்பா வைத்துவிட்டுப் போன பென்ஷன் இதில் எதற்குக் காணும்? நடு வீட்டு வாடகைதான் இந்த வீட்டின் முதுகெலும்பு. அதுவும் போனால் நானும் குவிக்லியும் ஓட்டைக் கூரைக்குக் கீழே குடை பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் என்னைப் பெரிய புண்ணியவதி என்று நினைத்துவிடாதே, எனக்கும் பயம் இருந்தது.

ஈஸ்டர் முடிந்த வாரம் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கீழே வந்தார்கள். வாடகை நாளும் இல்லை, சேர்ந்தும் வரமாட்டார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நொர்பெர்த்தோ தரையைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டதும் ஜூன் கடைசியில் காலி செய்துவிடுகிறோம், கனடாவில் பிராம்ப்டனில் மச்சான் வீட்டு நிலவறையில் இடம் இருக்கிறது, அதற்குமேல் உங்களுக்கு வாடகை தர என்னால் முடியாது, தராமல் இருக்கவும் முடியாது என்றான். அதோடு விட்டானா? இந்த வருஷம் பெந்தெகொஸ்தே வாரத்துக்குப் பரிசுத்த ஆவியின் கிரீடம் தங்குகிற வீடு என்று சீட்டு அவன் பெயருக்குத்தானே விழுந்திருந்தது, அதையும் திருவிழா நடத்துகிற சபையிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறானாம். "வாடகை குடுக்க வழியில்லாதவன் வீட்ல பரிசுத்த ஆவிய எப்படி டோனா உக்கார வெக்கிறது" என்றான். எனக்கு வந்ததே கோபம்! "அடேய், சீட்டுப் போடும்போது அவர் உன் சம்பளச் சீட்டையா வாங்கிப் பாத்தாரு? கடவுளே உன் வீட்டுக்கு வர்றேங்கிறாரு, நீ வாசல்ல நின்னு வராதேங்கிறியா, நீ என்ன அவரைவிடப் பெரிய மனுஷனா?" என்று பிடித்துக் கத்திவிட்டேன். குவிக்லி மேலிருந்து எட்டிப் பார்த்தார், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கத்தலுக்கு நடுவில்தான் சிதாலியா தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். காது வெறுமையாக இருந்தது.

துவார்த்தே, நாம் கடல் தாண்டி விட்டு வந்த தீவில் பெண்கள் ஞானஸ்நானத்தன்று போட்ட தோட்டைக் கழற்றமாட்டார்கள், ஆபரேஷனுக்குப் போனால்கூட டாக்டரோடு சண்டை போடுவார்கள். சிதாலியாவுக்கு அது அவள் பாட்டி வழியாக வந்தது, கனமான பழைய தங்கம், கன்னத்தில் மஞ்சளாய் அடிக்கும். "தோடு எங்கேடி" என்றேன். "டிராயர்ல இருக்கு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். எனக்கு உடனே விளங்கிவிட்டது. தோடு டிராயரில்தான் இருந்தது, அவள் டிராயரில் இல்லை, என் டிராயரில், வாடகையாக. கழுத்துச் சங்கிலியும் தோட்டோடு சேர்ந்து அடகுக்கடைக்குப் போயிருந்தது. நான் குளிருக்கு எண்ணெய் ஊற்றிச் சூடாகப் படுத்திருந்தேனே, அந்த எண்ணெய் அவள் காதிலிருந்து சொட்டியது. அவர்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, கடன் கேட்கவில்லை, ஒரு மாசம் பொறுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. இப்படியும் மனுஷர்கள் எனக்கு மேலே, என் தலைக்கு மேலே நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அன்றைக்குப் பிடித்த பிரமிப்பு இன்னும் என்னை விடவில்லை.

பிறகு காபி போட்டு, இனிப்பு ரொட்டி வெட்டி வைத்து, இரண்டு பேரையும் அதட்டி உட்கார வைத்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வேலை கிடைக்கிறவரை பாதி வாடகை கொடு போதும், மீதியை வேலை கிடைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துக்கொள்ளலாம், வட்டி கிட்டி கிடையாது, அதுவரைக்கும் வாடகை ஏற்றமாட்டேன், யாரும் காலி பண்ணச் சொல்லமாட்டார்கள், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம், நாளைக்கு எனக்குப் புத்தி பேதலித்தாலும் உனக்கு அது கையில் இருக்கும் என்றேன். நகராட்சியில் வேலை போனவர்களுக்கு வாடகை உதவி என்று ஒன்று உண்டு, அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்தும் வேண்டும், பாதிப்பேர் அந்தத் தொல்லைக்குப் பயந்தே போடமாட்டார்களாம். நான் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு அவனையும் இழுத்துக்கொண்டு போய் ஒரு மத்தியானம் முழுக்க அங்கே உட்கார்ந்தேன். அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வீட்டுக்காரங்களே கூட வர்றது அபூர்வம்மா" என்றாள். அபூர்வம் என்ன வேண்டிக்கிடக்கிறது, நல்ல குடித்தனக்காரன் கிடைப்பதுதான் அபூர்வம், ஒரு மாசம் வீடு காலியாகக் கிடந்தால் தெரியும் என்றேன். அதில் என்ன கிடைக்கும் என்று இன்னும் தகவல் இல்லை. ஆனால் நொர்பெர்த்தோ என் தாளில் கையெழுத்துப் போடவில்லை. "நல்ல மனசு டோனா, ஆனா எனக்கு தர்மம் வாங்கிப் பழக்கமில்ல" என்றான். மச்சானிடம் வேன்கூடச் சொல்லியாகிவிட்டதாம். திருவிழா முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்றான், அந்த முகத்தில் பதில் ஏற்கனவே எழுதியிருந்தது. கிரீடத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை, என் கத்தலுக்கு அந்த மட்டும் மரியாதை. வீட்டுக்காரியாக எனக்குப் புரிந்தது இதுதான் மகனே. வேலை போன அன்றைக்கே குடித்தனக்காரன் வந்து நம்மிடம் சொல்லணும், அப்படி வந்து சொல்கிற மாதிரி நம் முகம் இருக்கணும். என் முகம் அப்படி இருக்கவில்லை போலிருக்கிறது.

பெந்தெகொஸ்தேக்கு முந்தின ஞாயிறு கிரீடம் வந்தது. கரோலுக்குச் சொல்லு, வெள்ளிக் கிரீடம், உச்சியில் சிறகு விரித்த புறா, கூடவே செங்கோல். அது ஒரு வீட்டில் ஒரு வாரம் இருக்கும், சாயங்காலம் ஊரே வந்து ஜெபமாலை சொல்லும், வந்த ஒருத்தரையும் வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது. நடு வீட்டின் சாப்பாட்டு அறையைக் காலி செய்து, வெள்ளைத் துணி போர்த்தி, படிப்படியாகப் பீடம் கட்டி, ஊதாப் பூவும் மெழுகுவத்தியுமாக வைத்திருந்தார்கள். எந்தப் பூவும் கடையில் வாங்கியதில்லை, எல்லாம் தெருக்காரர்கள் தோட்டத்தில் பறித்தது. சமையலுக்கு என் நிலவறை அடுப்படியைத் திறந்துவிட்டேன், அந்தப் பெரிய அடுப்பை அப்பா போனதற்கப்புறம் நான் பற்ற வைத்ததே இல்லை. ஒருத்தி முட்டைக்கோஸ் கொண்டு வந்தாள், ஒருத்தன் வைன் கொண்டு வந்தான், ஷொரீஸ் தொத்திறைச்சி மாலை மாலையாக உத்தரத்தில் தொங்கியது. குவிக்லிக்கு நம் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது, இருந்தாலும் தினமும் டை கட்டிக்கொண்டு இறங்கி வந்து முழங்காலில் நின்று, ஆமென் மட்டும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார். என் மாடிப்படி முழுக்க ஜனம். அந்தச் சின்ன வெளிச்சத்தில் புறா பளபளத்ததைப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், நான் வாடகைக்கு விட்ட வீடு மாதிரியே இல்லை.

அங்கேதான் நான் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். அவன் கொடுத்த வாடகையில் எண்ணெய்க்குப் போக டிராயரில் மிச்சமிருந்ததை ஒரு கவரில் போட்டு, சிதாலியாவின் தோட்டை மீட்டுக்கொள்ளட்டும் என்று எடுத்துப் போனேன். கையில் கொடுத்தால் வாங்கமாட்டான். பீடத்தில் காணிக்கைத் தட்டு இருக்கிறது, அதில் விழுவது பரிசுத்த ஆவிக்குச் சொந்தம், கிரீடம் தங்குகிற வீட்டுக்காரர் ஒரு காசும் தொடக்கூடாது, அது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். அதனால் ரொம்பக் கெட்டிக்காரி மாதிரி தட்டில் போடாமல் பீடத் துணிக்கு அடியில் செருகிவிட்டு வந்தேன். தட்டில் இருப்பது அவருடையது, துணிக்கு அடியில் இருப்பது நொர்பெர்த்தோவுடையது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். வியாழக்கிழமை காலையில் பூ மாற்றப் போன சிதாலியா அதைப் பார்த்திருக்கிறாள். பீடத்தில் எங்கே இருந்தாலும் அவருடையதுதானே என்று பிரித்துக்கூடப் பார்க்காமல் எடுத்துத் தட்டில் போட்டாள், அன்று ஜெபமாலை முடிந்ததும் நொர்பெர்த்தோ வழக்கம்போல் தட்டை அப்படியே சபைத் தலைவர் சில்வீனோவிடம் ஒப்படைத்துவிட்டான். போச்சு! சாயம் போன கோட்டைப் போட்டுக்கொண்டு வேலை தேடி அலைகிறவன், யாரும் பார்க்காத அறையில் அத்தனை பணம் இருந்தும் விரல் படவில்லை.

மறுநாள் காலையில் சில்வீனோ வீட்டுக்கு ஓடினேன், முழங்காலாவது ஒன்றாவது. அது காணிக்கை இல்லை, நொர்பெர்த்தோவுக்கு வைத்தது, திருப்பிக் கொடு என்றேன். அந்த மனுஷன் சிரிக்க ஆரம்பித்தான் பார், நிறுத்தவே இல்லை, கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தான். "நீங்க நாலாவது ஆள் டோனா! ரொட்டிக்கடைக்காரர் வந்துட்டுப் போனாரு, அவரு பூக்கூடைக்குள்ள வெச்சாராம். உங்க மேல் வீட்டு ஐரிஷ்காரர் மெழுகுவத்தித் தண்டுக்குப் பின்னாடி வெச்சாராம். என் பெண்டாட்டி எங்கிட்டகூட சொல்லாம பூ ஜாடிக்கு அடியில வெச்சிருக்கா. பூ மாத்தும்போது எல்லாத்தையும் சிதாலியா எடுத்துத் தட்டுலயே போட்டுட்டா" என்றான். இதற்கு முன்னே இந்தத் தெருவில் குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது என்றுகூட நாலு பேர் ஒத்துப்போனது கிடையாது. ஒருத்தருக்கும் மற்றவர் செய்தது தெரியாது, எல்லாரும் ஒரே புத்தியாகப் போய் ஒரே பள்ளத்தில் விழுந்திருக்கிறோம். சரி, அப்போ அவரவர் பணத்தை அவரவருக்குக் கொடு என்றேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, கிரீடத்துக்குப் பக்கத்தில் வைத்ததைத் திருப்பிக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை, உங்களுக்குக் கேட்கவும் அதிகாரமில்லை, இறைச்சிக்காரனுக்குக் கொடுத்தாகிவிட்டது, இத்தனை வருஷத்தில் சபை இவ்வளவு இறைச்சி வாங்கினதில்லை என்றான். நான் வெறும் கையோடு திரும்பி வந்தேன்.

சனிக்கிழமை, உனக்குத் தெரியும், இல்லாத வீடுகளுக்கு இறைச்சியும் ரொட்டியும் வைனும் கொண்டு கொடுக்கிற நாள். கிரீடம் யார் வீட்டில் இருக்கிறதோ அவன்தான் சில்வீனோவோடு வண்டியில் போய்க் கொடுக்கணும். நொர்பெர்த்தோ மழையில் நனைந்துகொண்டு எல்லா வீட்டுப் படியும் ஏறி இறங்கினான். மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் வீடு, புருஷன் போன வீடு, படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவர் வீடு. மத்தியானம் நம் வாசலில் வண்டி வந்து நின்றது. நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், ஒட்டுக் கேட்கவில்லை, ஜன்னல் திறந்திருந்தது. வண்டியில் ஒரே ஒரு பங்கு மிச்சமிருந்தது. இது யாருக்கு என்றான் நொர்பெர்த்தோ. சில்வீனோ, "நடு வீட்டுக்கு" என்றான். நொர்பெர்த்தோ நீட்டின கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். இப்போது இவன் அதை வீசி எறிந்துவிட்டு பிராம்ப்டனுக்கு நடந்தே போய்விடுவான் என்று நினைத்தேன். சில்வீனோ குரலை உயர்த்தாமல், "காலையிலேந்து எத்தனை வீட்டுக்குக் குடுத்தே, யாராவது வேணாம்னாங்களா? அவங்க வாங்கும்போது நீ அவங்களைக் கேவலமா நெனச்சியா?" என்று கேட்டான். இல்லை என்றான் நொர்பெர்த்தோ. "அப்ப உன்ன மட்டும் ஏன் நெனச்சுக்கிறே? தூக்கிட்டுப் போடா, மழையில ரொட்டி நனையுது" என்றான் அவன். நொர்பெர்த்தோ தொப்பியால் முகத்தைத் துடைத்தான், மழையைத் துடைத்தானோ வேறெதைத் துடைத்தானோ. பிறகு அந்தப் பங்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் வாசல் வழியாகப் படியேறிப் போனான். நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யோசித்துப் பார் துவார்த்தே, அவள் காதுத் தோடு வாடகையாகி என்னிடம் வந்தது, நான் கவரில் போட்டு ஒளித்து வைத்தேன், அவள் கையாலேயே அது தட்டுக்குப் போனது, தட்டிலிருந்து இறைச்சிக்கடைக்கு, அங்கிருந்து எத்தனையோ வீட்டுப் பானைக்குள் போய்க் கொதித்துவிட்டு, கடைசிப் பங்காக அவள் வீட்டுக்கே ஏறிப்போனது. நான் போட்ட கணக்கா இது?

ஞாயிற்றுக்கிழமை ஒரு வெட்கக்கேட்டையும் எழுதிவிடுகிறேன், கரோல் சிரிக்கட்டும். பூசையில் யார் தலையில் கிரீடம் வைப்பது என்று முடிவு செய்வது அதை வைத்திருந்த வீட்டுக்காரன் பாடு. இவ்வளவு பண்ணியிருக்கிறோமே, என்னைத்தான் கூப்பிடுவான் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமையே முடி அலங்காரக் கடைக்குப் போய் முடியைச் சுருட்டி வைத்துக்கொண்டு வந்திருந்தேன். கிரீடம் நிற்கிற மாதிரி உச்சியில் கொஞ்சம் தட்டையாக வையடி என்று வேறு சொன்னேன்! பேண்டு வாத்தியத்தோடு நம் படியிலிருந்து கோவில்வரை ஊர்வலம் போனோம். பூசை முடிந்து பாதர், யார் வருகிறீர்கள் என்று பார்த்தார். நான் பெஞ்சியில் கைப்பையைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டேன். நொர்பெர்த்தோ திரும்பி சிதாலியாவின் கையைப் பிடித்தான். அவள் எனக்கு வேண்டாம் என்று தலையாட்டினாள், பிள்ளைகளுக்கு வையுங்கள் என்றாள், அவன் விடவில்லை. அவள் முழங்காலில் நின்றாள், பாதர் அந்த வெள்ளிக் கிரீடத்தை எடுத்து அவள் தலையில் வைத்தார், செங்கோலைக் கையில் கொடுத்தார், பாட்டு ஆரம்பித்தது. தலையில் ராணியின் கிரீடம், காதில் ஒன்றுமில்லை, இரண்டு சின்னத் துளை மட்டும். கோவிலில் எந்தப் பெண்ணுக்கும் அது கண்ணில் படாமல் போகவில்லை, வரிசை வரிசையாக எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். நான் எத்தனையோ கிரீடம் வைத்ததைப் பார்த்திருக்கிறேன், உனக்குக்கூட வைத்தோம், நீ அழுதாய், அது எப்போதும் ஒரு அழகான வழக்கம் அவ்வளவுதான் என்று இருந்தேன். இல்லாதவர் தலையில் கிரீடம் வைக்கத்தானே இந்தத் திருவிழாவே உண்டானது, அதை இத்தனை வயசுக்கு அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். நான் சுருட்டி வைத்த முடியை நினைத்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே அழுதேன்.

பிறகு சபை மண்டபத்தில் சாப்பாடு, நம் நிலவறையில் கொதித்த இறைச்சிக் குழம்பை ரொட்டித் துண்டு மேல் ஊற்றி, புதினா போட்டு, வந்தவர் போனவர் எல்லாருக்கும். சாப்பிட்டு முடிந்ததும் அடுத்த வருஷச் சீட்டுக்குப் பெயர் கொடுக்கிற நேரம் வந்தது. எழுந்து நின்று பெயரும் வீடும் சொல்லணும், அடுத்த வருஷம் அந்த வீட்டில் இருக்கிறவன்தான் சொல்லலாம். நான் தட்டை வழிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன், நொர்பெர்த்தோ உட்கார்ந்தே இருப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "நொர்பெர்த்தோ மெடெய்ரோஸ், டோனா இதலீனா வீடு, நடு மாடி" என்றான், மண்டபத்துக்கே கேட்கிற குரலில். சில்வீனோ ஒன்றும் தெரியாதவன் மாதிரி, "அடுத்த வருஷமும் அதே வீடுதானா?" என்று கேட்டான். "வீட்டுக்காரம்மா அந்தத் தாளைக் கைப்பையிலதான் வெச்சுக்கிட்டு அலையிறாங்க, கேட்டுப் பாருங்க" என்றான் இவன். அலைந்தேன்தான், அதற்கென்ன! ரொட்டிப் பொடியைத் தட்டிவிட்டு அங்கேயே மேசையில் விரித்தேன், அவன் கையெழுத்துப் போட்டான், சிதாலியா போட்டாள், நான் போட்டேன், குவிக்லி சாட்சிக்குப் போட்டார், பேனாவில் குழம்பு. சீட்டு எடுத்தபோது அவன் பெயர் வரவில்லை, வேறு தெருவுக்குப் போய்விட்டது. அவனுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, இன்னொரு கரண்டி குழம்பு வாங்கிச் சாப்பிட்டான். வேலை இன்னும் கிடைக்கவில்லை, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். எண்ணெய்க்கு இந்தக் குளிருக்கு என்ன செய்வேன் என்று எனக்கும் தெரியவில்லை. வங்கியிலும் எண்ணெய்க்காரனிடமும் தவணை கேட்கப் போகிறேன், கூச்சத்தை விட்டு வாங்கிக்கொண்டவனைப் பார்த்து நானும் கேட்கப் படித்துக்கொண்டேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். அந்தத் தாளை இதோடு மடித்து வைத்திருக்கிறேன், வீட்டுப் பத்திரத்தில் உன் பெயரும் இருப்பதால் கீழே உனக்கும் ஒரு இடம் விட்டிருக்கிறது. உன் கையெழுத்து இல்லாவிட்டாலும் நான் உயிரோடு இருக்கிறவரை அவர்களைக் காலி பண்ணச் சொல்லப் போவதில்லை. ஆனால் நான் போன பிறகு சொல்லப் போகிறவன் நீ ஒருத்தன்தான். அதனால்தான் உன் கையெழுத்தைக் கேட்கிறேன்.

கோபம் வந்தால் இரண்டு நாள் கழித்துப் போடு, ஆனால் போடு. போட்டோ பிடித்துப் போனில் அனுப்பாதே, தாளாகவே தபாலில் வரட்டும். கரோலை ரொம்ப நேரம் வேலை பார்க்க விடாதே, பேத்திக்கு மாலையில் தொப்பி போடு, கடல் காற்று ஆகாது. பரிசுத்த ஆவி உங்கள் மூன்று பேர் தலைமேலும் தன் சிறகை விரித்து வைத்திருக்கட்டும். உனக்கு நெற்றியில் ஒரு முத்தம், நீ வேண்டாமென்றாலும்.

உன் அம்மா,
இதலீனா